இடது கையில் ஓடியவர்

மூங்கிலணையில் அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அத்தனை பேருக்கும் இரண்டு நாடி ஓடியது. வலது மணிக்கட்டில் அவர்களுடையது ஓடியது, இடது மணிக்கட்டில் ரத்தம் கொடுத்தவருடையது ஓடியது. கொடுத்தவர் சைக்கிள் மிதித்தால் வாங்கியவரின் இடது கை துள்ளியது, கொடுத்தவர் தூங்கினால் அடங்கியது, கொடுத்தவர் பக்கத்து வீட்டோடு சண்டை போட்டால் வாங்கியவர் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது படபடத்தது. ஏன் இப்படி என்று கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் ஊரில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று கிளம்பிவிட்டது: என் கையில் ஓடுவது யார்?

அதற்குப் பதிலாக இருக்கக்கூடிய பெயர்கள் எங்களிடம் இருந்தன. நாங்கள் என்றால் அரசு மேல்நிலைப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பு ஆ பிரிவு, நாற்பத்து மூன்று பேர். என் பெயர் பேச்சித்தாய். பேச்சி என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையை மட்டும் பேசாமல் வைத்திருக்கிறாள் என்று ஊரில் இன்றும் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

ஆறாம் வகுப்பு நாச்சியார் காலை வழிபாட்டில் விழுந்த அன்று எல்லாம் தொடங்கியது. அவள் உடம்புக்கு ரத்தத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும், அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான். அந்த மாதம் ஊர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பெட்டி காலியாக இருந்தது. ஐஸ் வண்டி ஓட்டும் அவள் அப்பாவிடம், ஆள் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் கொடுத்தால் இவளுக்கு ஏற்றுகிறோம் என்றார்கள். அவர் பதினான்கு பேரிடம் கேட்டார், பதினான்கு பேருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருந்தது. நாச்சியார் சத்துணவில் முட்டை போடும் நாள் என்று பள்ளிக்கூடம் வந்தாள், கொடிக்கம்பத்துக்கு எதிரே நின்றாள், அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். ஓடிப்போய்த் தூக்கிய ஆவுடை அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது உள்ளே புது நோட்டுத் தாள் மாதிரி வெளுத்திருந்தது.

ஆவுடை எங்கள் வகுப்பில் குள்ளமானவள், பஞ்சர் கடைக்காரர் மகள், லாரி டயர் வெடித்த மாதிரி குரல் உள்ளவள். அன்று மத்தியானமே அவள் எங்கள் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போய் நர்ஸ் எஸ்தர் முன்னால் நிறுத்தினாள்.

“சிஸ்டர், நாப்பத்து மூணு பேரு இருக்கோம். எடுத்துக்கோங்க.”

எஸ்தர் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பதினெட்டு முடிஞ்சவங்க யாரும் இருக்கியளாட்டி?”

ஒருத்தரும் இல்லை. ஆவுடைக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பி வந்தவள் பள்ளிக்கூட வாசலில் நின்று சொன்னாள்: “நம்மகிட்ட ரத்தம் இருக்கு, வயசு இல்ல. ஊருக்கு வயசு இருக்கு. கேப்போம்.”

இடம் கேட்டுத் தலைமையாசிரியை கோமதி டீச்சர் அறைக்குப் போனோம். அங்கே ரைஸ்மில் ஆதிமூலம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்தான், பள்ளியின் பெரிய ஹால் அவர் கட்டிக் கொடுத்தது, அதன் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

“நல்ல காரியம்” என்றார் அவர். “ஹாலைத் தாரேன். நோட்டுல பேரு, வயசுக்குப் பக்கத்துல தெருன்னு ஒரு கட்டம் போட்டுக்கோங்க. ரத்தப் பையிலயும் அத எழுதிருங்க. வடக்குத் தெருக்காரனுக்கு வடக்குத் தெரு ரத்தம், காலனிக்காரனுக்குக் காலனி ரத்தம். யாருக்கும் மனவருத்தம் வராதுல்லா?”

“ரத்தத்துல குரூப்புதான் இருக்கு அண்ணாச்சி” என்றாள் ஆவுடை. “தெரு இல்ல.”

“இருக்குட்டி. நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது.”

“அப்பம் ஹால் வேண்டாம்.”

கோமதி டீச்சரின் பேனா நின்றுவிட்டது. அந்த ஊரில் ஆதிமூலம் அண்ணாச்சியிடம் வேண்டாம் என்ற சொல்லை அதுவரை அவருடைய பசுமாடுகூடச் சொன்னதில்லை. அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார், அன்று சாயங்காலம் ஹாலில் இன்னொரு பூட்டும் தொங்கியது.

எங்களுக்குச் சனிக்கிழமைச் சந்தை கூடும் கொட்டகை கிடைத்தது, ஏனென்றால் சந்தைக்குத் தெரு கிடையாது, எல்லாத் தெருவும் அங்கேதான் முடிகிறது. வெங்காயத் தோலும் கருவாட்டு வாசமும் போக ரெண்டு நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். எங்கள் வகுப்புக் காஜா மைதீன் தன் வாப்பாவின் லாரியிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து கட்டினான். வீடு வீடாகப் போனோம். கதவைத் திறந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுக் கதவின் பின்னால் நிற்பவர்களைப் பார்த்தார்கள். இருக்கதே கொஞ்சம் என்றார்கள், அறுப்பு முடியட்டும் என்றார்கள், ஆடியில் உடம்பிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது என்றார்கள். நாங்கள் ஆவணியிலும் வருவோம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம்.

செவ்வாய்க்கிழமை மாவட்ட ரத்த வங்கியின் வேன் வந்தது, டாக்டர் வந்தார், கட்டில்கள் போடப்பட்டன, பதினோரு மணி வரை காக்கா மட்டும் வந்தது. முதலில் வந்தது காஜாவின் உம்மா. நீலக் கரைசல் உள்ள குப்பிக்குள் அவர் விரலிலிருந்து ஒரு சொட்டு விட்டார்கள். மூழ்கினால் ரத்தம் கெட்டியாக இருக்கிறது, கொடுக்கலாம், மிதந்தால் கூடாது. அது மிதந்தது. “இன்னொரு விரல்ல எடுத்துப் பாரும்மா” என்றார் அவர். அதுவும் மிதந்தது. அவர் வீட்டுக்குப் போகவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வருகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் பிழிய உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து வந்தவர்கள்தான் மற்றவர்கள். இருபத்து மூன்று பெண்களின் சொட்டு அன்று மிதந்தது, அதில் என் அம்மாவும் ஒருத்தி. எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையில் கடைசியாக யார் கை போகிறது என்பதை அந்த நீலத் தண்ணீரில்தான் நாங்கள் பார்த்தோம். மூழ்கியவர்கள் நாற்பத்தொரு பேர். எல்லாத் தெருவிலிருந்தும் வந்தார்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொட்டகையின் பின்பக்கமாக வந்தவர்களும் இருந்தார்கள். நோட்டில் பெயரையும் வயதையும் குரூப்பையும் எழுதினோம், வேறு எதையும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் நாச்சியாருக்கு முதல் பையை ஏற்றினார்கள். எஸ்தர் அவள் வலது கையைப் பிடித்துப் பார்த்தார், தொண்ணூற்றிரண்டு. ஏதோ நினைவில் இடது கையைப் பிடித்தார், அறுபத்தொன்று. மறுபடி வலது, மறுபடி இடது.

“சிஸ்டர், யாரோ படி ஏறுதாவ” என்றாள் நாச்சியார், படுத்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு. எஸ்தரின் விரலுக்குக் கீழே இடது நாடி எழுபது, எண்பது, நூற்றுப் பத்து என்று ஏறியது. “மேல வந்தாச்சு. இப்பம் மூச்சு வாங்குதாவ.”

எஸ்தர் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவர். அவர் ஸ்கேலை எடுத்து, நாடி என்ற கட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, வ என்றும் இ என்றும் எழுதி, அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஒரு மாதத்துக்குள் ஊரில் இருபத்தெட்டு பேருக்கு இரண்டு நாடி ஓடியது. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்று நாடி பார்த்துவந்த சித்த வைத்தியர் ஒரு வாரம் கடையைச் சாத்திக்கொண்டு யோசித்தார், பிறகு இனிமேல் ரெண்டு கைக்கும் தனித்தனியாக லேகியம் என்று போர்டு மாட்டினார். பிரசவத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு பெண் பிள்ளை அழும்போதெல்லாம் இடது கையை அதன் காதோடு வைத்தாள், அவளுக்குக் கொடுத்தவர் யாரோ அவ்வளவு நிதானமானவர், பிள்ளை உடனே தூங்கியது. ஆட்டோ ஓட்டும் ஒருவரின் இடது கை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் தினமும் கொதித்தது. யாரோ அந்த நேரத்தில் வீட்டில் அடி வாங்குகிறார்கள் அல்லது அடிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, யாரென்று தெரியாததால், அவர் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்து ஊர் முழுக்கச் சுற்றி, “எட்டரை மணிக்குச் சண்டை போடுத வீட்டுக்காரங்க கவனிக்க, எனக்குத் தெரியும்” என்று அறிவித்தார். அன்றிலிருந்து பதினேழு வீடுகளில் எட்டரை மணிச் சண்டை நின்றது. சாலையில் பார்த்துக்கொண்டால், சுகமா என்று கேட்பது போய், ரெண்டு கையும் சுகமா என்று கேட்கும் வழக்கம் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது ரத்தம் ஏறும் நாச்சியாருக்கு இடது கையில், புதியவர் வந்ததும் பழையவர் ஒதுங்கி, ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். போகிறவருக்கு டாட்டா சொல்லி வருகிறவருக்கு வணக்கம் வைக்கப் பழகிக்கொண்டாள்.

ஆவணி தொடக்கத்தில் ஆதிமூலம் அண்ணாச்சி மில்லில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். குடலில் புண். தெரு பார்க்க நேரமில்லை, பெட்டியில் ஓ பாசிட்டிவ் ஒரு பை இருந்தது, எஸ்தர் ஏற்றினார், அவர் பிழைத்தார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் அசையாமல் படுத்திருக்கும்போது இடது கை குதிரை மாதிரி ஓடத் தொடங்கியது. ஆறு மணிக்கு அடங்கியது. அடுத்த நாளும் ஐந்து மணிக்கு ஓடியது.

“யாரு இது?” என்று எஸ்தரிடம் கேட்டார்.

“உங்களப் பொழைக்க வச்ச ஆளு.”

“எந்தத் தெரு?”

“பையில நம்பர்தான் இருக்கு அண்ணாச்சி. ரத்தம் நூத்தி இருபது நாள்தான் உடம்புல நிக்கும். அதுக்கப்புறம் தேஞ்சு போயிரும். அது வரைக்கும் பொறுத்துக்கோங்க.”

அவருக்குப் பொறுக்க முடியவில்லை. மாவட்ட ரத்த வங்கிக்குப் போனார், அங்கிருந்த டாக்டரம்மா பெயர் சொல்வது குற்றம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு அவருக்கு எங்கள் நோட்டு ஞாபகம் வந்தது. கோமதி டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டே, நாளைக்குள் நோட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு மதிப்பெண் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

அன்று மத்தியானம் சத்துணவுக் கூடத்தின் பின்னால் கூடினோம். ஆவுடை நோட்டைப் பிரித்தாள். ஒரு பெயர், ஒரு ஆள். ஒருவர் பின் ஒருவராகப் போய், அவள் விரல் வைத்த ஒரு வரியை மட்டும் படித்து, கண்ணை மூடி மூன்று தடவை மனதுக்குள் சொல்லிவிட்டு, ஒருவரும் மற்றவரிடம் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தோம். ஆவுடைகூட மற்ற வரிகளைத் துண்டுப் பேப்பரால் மூடிக்கொண்டாள். நாற்பத்தொரு பெயர்தான் இருந்ததால் கடைசியில் நின்ற இரண்டு பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை, அவர்கள் அழுதார்கள். பிறகு நோட்டைச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டோம். அது எரிவதைக் கடைசி அட்டை வரை நின்று பார்த்தோம். மறுநாள் ஆதிமூலம் அண்ணாச்சி எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றபோது நாற்பத்து மூன்று பேரும் எழுந்து நின்றோம்.

“நோட்டு எங்க?”

“சாப்பிட்டாச்சு அண்ணாச்சி” என்றான் காஜா. “நேத்து சாம்பார்ல.”

அவர் எங்களை அடிக்கவில்லை. அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார். புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குச் சந்தைக் கொட்டகைக்கு வருகிறவர்களுக்கு ஒரு மூட்டை அரிசி. கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒவ்வொருவராக ஓட வேண்டும், அவ்வளவுதான் என்று தமுக்குப் போட்டார். அவர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையைத் தலையணையில் வைத்து, கம்பவுண்டரை நாடி பிடிக்கச் சொல்வார். யார் ஓடும்போது கை துள்ளுகிறதோ, ஆள் அதுதான். அரிசிக்காக வருகிறவர்களை நாங்கள் குறை சொல்ல முடியாது, மிதந்த சொட்டுகளை எங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தோம். அரிசி வாங்க வேண்டாம் என்று நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தொரு பேரும் அவரவர் மனதிலிருந்த ஆளைத் தேடிப் போனோம், ஒரே வாக்கியத்தைச் சொன்னோம்: “வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எங்க இருந்தாலும் ஓடுங்க. பள்ளிக்கூட மணி ரெண்டாந் தடவ அடிக்குத வரைக்கும் நிக்காதீங்க.”

“அவருக்கா போயிருக்கு என் ரத்தம்?” என்று கேட்டார் என் ஆள்.

“தெரியாது. ஓ பாசிட்டிவ் பத்தொம்பது பேரு. யாரா வேணா இருக்கலாம்.”

“அவரா இருந்தாலும் சரி. ஓடுதேன்.”

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்தது. தமுக்கடிப்பவர் முதல் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே ஆதிமூலம் அண்ணாச்சியின் இடது கை துள்ளியது, ஏனென்றால் அந்த நிமிஷம் மூங்கிலணையில் நாற்பத்தொரு பேர் ஓடினார்கள், வாய்க்கால் கரையில் ஓடினார்கள், மாட்டை அவிழ்த்துவிட்டு அதன் பின்னால் ஓடினார்கள், கடைக்குள் ஓட இடமில்லாதவர்கள் நின்ற இடத்திலேயே குதித்தார்கள். அவர்கள் மட்டும் ஓடினால் காட்டிக் கொடுத்துவிடும் என்று நாங்கள் ஓடினோம், எங்கள் பின்னால் ஆறாம் வகுப்பு ஓடியது, ஆறாம் வகுப்பைப் பிடிக்க டீச்சர்கள் ஓடினார்கள், ஏன் என்று கேட்டவர்கள் பதில் கிடைக்காமல் தாங்களும் ஓடினார்கள், அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் வரிசையாகவே ஓடினார்கள், காஜாவின் உம்மா ஒரு கையில் செருப்போடு ஓடினார், இருபத்தெட்டு இடது கைகளும் ஒரே நேரத்தில் அடித்தன, அந்தச் சத்தம் செண்டை மேளம் மாதிரி கொட்டகைத் தகரத்தில் கேட்டதாகக் கம்பவுண்டர் பிறகு சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் ஆதிமூலம் அண்ணாச்சி. “நிறுத்துங்கலே!” என்று கத்தினார். ஒருத்தரும் நிற்கவில்லை. கோமதி டீச்சர் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது மணியை அடிக்காமல் இருபது நிமிஷம் நின்றார்.

அன்றைக்கு அரிசி எல்லோருக்கும் கிடைத்தது. தமுக்குப் போட்டுச் சொன்ன சொல், அதை அவரால் மீற முடியவில்லை.

அதன் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. மில் காலண்டரில் நூற்றி இருபதாம் நாளை வட்டமிட்டு, தினமும் ஒரு தேதியை அடித்துக்கொண்டு வந்தார் என்று அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் சொன்னார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தானாக விழித்துவிடுகிறார் என்றும், விளக்குப் போடாமல் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி வரை உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் காலை பத்தரை மணிக்கு, கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, ஆதிமூலம் அண்ணாச்சி குடையில்லாமல், செருப்பில்லாமல், எங்கள் வகுப்புக்குள் வந்தார். இடது கையை வலது கையால் பிடித்திருந்தார், குருவிக் குஞ்சைப் பிடித்திருப்பது மாதிரி.

“ஏட்டி ஆவுடை, கை எறங்குது.”

“இன்னும் பன்னெண்டு நாள்தானே அண்ணாச்சி. தேஞ்சு போவும்னு சிஸ்டர் சொன்னாவல்லா?”

“தேயலட்டி. திடீர்னு குதிச்சுது. நூத்தி நாப்பது, நூத்தி அறுபது. இப்பம் நூல் மாதிரி ஓடுது. எங்கயோ விழுந்து கெடக்கு. ரத்தம் போவுது. எனக்கும் அப்படித்தான் போச்சு, எனக்குத் தெரியும்.” கையை ஆவுடையிடம் நீட்டினார். “பேரு சொல்ல வேண்டாம். தெரு சொல்ல வேண்டாம். போய்ப் பாருங்க. ஓடுங்க பிள்ளைகளா.”

ஆவுடை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஓ பாசிட்டிவ் பேரு வச்சிருக்கவங்க எல்லாரும் ஓடுங்க. அவங்கவங்க ஆளக் கண்ணால பாத்துட்டு வாங்க” என்றாள். கூடவே கிளம்பிய அவரைப் பார்த்து, “நீங்க வரக் கூடாது. இங்கயே உக்காந்து எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க” என்றாள். சத்தம் கேட்டு வந்த கோமதி டீச்சர் தன் அறை பீரோவைத் திறந்து, எங்களிடமிருந்து பறிமுதல் செய்து பூட்டி வைத்திருந்த போன்களை மேசையில் கொட்டினார். அந்தக் குவியலில் ஆளுக்கொன்று எடுத்து, எல்லோரும் ஒரே அழைப்பில் சேர்ந்துகொண்டோம்.

நான் ஓடிய பாதையைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. அதனால் முழங்கால் வரை தண்ணீர் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். காதில் போன் இருந்தது, அதில் அவர் எண்ணுவது கேட்டது. வேறு யாரோ, “என் ஆளு நல்லாருக்காவ, இட்லி திங்காவ” என்று சொல்வது கேட்டது. பதினொரு பேர் நன்றாக இருந்தார்கள். பன்னிரண்டு. பதினைந்து. நான் போய் நின்ற இடத்தில் வீட்டின் பக்கச் சுவர் இல்லை. கூரை ஓடுகளும் மண்ணும் ஒரு குவியலாகக் கிடந்தன, மழை அதன் மேல் பெய்துகொண்டிருந்தது, அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை, மழைச் சத்தத்தில் சுவர் விழுந்த சத்தம் கேட்டிருக்காது.

“ஆவுடை, என்னோட ஆளுதான்” என்றேன்.

போனில் எண்ணுவது நின்றது. “இருக்காவளா?” என்று அவர் கேட்டார்.

“உங்களுக்குத்தான தெரியும்! எண்ணுங்க அண்ணாச்சி! நிறுத்தாதீங்க!”

அவர் எண்ணினார். நான் கத்தினேன், ஆட்கள் வந்தார்கள், ஒன்பது பேர் கையால் தோண்டினோம். மண்வெட்டி போட்டால் உடம்பில் பட்டுவிடும். போனை ஸ்பீக்கரில் ஒரு கல் மேல் வைத்திருந்தேன், அவர் எண்ணிக்கைக்கு நடுவே இடைவெளி நீண்டால் நாங்கள் வேகமாகத் தோண்டினோம், நெருங்கினால் மூச்சு விட்டோம். முதலில் ஒரு கை வந்தது. மண்ணோடு அதைப் பிடித்து நாடி பார்த்தேன், அவர் சொல்லும் ஒவ்வொரு எண்ணும் என் விரலுக்குக் கீழே சரியாக விழுந்தது.

ஆஸ்பத்திரியில் நான்கு பை தேவைப்பட்டது, இரண்டுதான் இருந்தது. ஆவுடை வாசலில் மேசை போட்டாள். அண்ணாச்சியால் கொடுக்க முடியாது, ரத்தம் ஏற்றிக்கொண்டவர் ஒரு வருஷம் கொடுக்கக் கூடாது. அவர் மில் லாரியை எடுத்துக்கொண்டு வடக்குத் தெருவுக்குப் போய், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். அரை மணியில் லாரி நிறைய ஆள் வந்தது. இறங்கியவர்களில் ஒருவர், “யாருக்கு மச்சான்?” என்று கேட்டார்.

“எனக்கு” என்றார் ஆதிமூலம் அண்ணாச்சி. “கட்டில்ல ஏறிப் படும்வே.”

அன்று ஊரில் நான்கு சுவர்கள் விழுந்திருந்தன, ஆறு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். தோண்டிய ஒன்பது பேரில் ஒருவரைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்கு அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும். வார்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். அவர் ஆஸ்பத்திரி வாசலில் லாரியின் படியில் உட்கார்ந்து, இடது கை எழுபதைத் தொடும் வரை எண்ணிவிட்டு, வீட்டுக்குப் போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து என்னைத் தேடிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

“பேச்சி, காலையில அஞ்சு மணிக்குக் காத்திருந்தேன். அவங்க நாடியே இல்ல. இடது கையில என்னோடதுதான் இருக்கு.” கேட்டைப் பிடித்துக்கொண்டார். “நாள் முடிஞ்சிட்டா, இல்ல… ஆளு போயிட்டாவளா? அத மட்டும் சொல்லு.”

நான் அவரைப் பார்த்தேன். ஹாலுக்கு இன்னொரு பூட்டுப் போட்டவர் இவர்தான். எங்கள் மதிப்பெண்ணில் கை வைக்கச் சொன்னவர் இவர்தான். எதுவும் எனக்கு மறக்கவில்லை.

“இருக்காவ” என்றேன்.

“எப்படிச் சொல்லுத?”

“இப்பம்தான் கையப் புடிச்சுப் பாத்துட்டு வாரேன். அறுபத்தி நாலு.”

“அறுபத்தி நாலா?” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “சரிதான். ஒக்காந்திருந்தா அறுபத்தி நாலுதான் ஓடும்.”

பெயர் கேட்பார் என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தயாராக நின்றேன். அவர் கேட்கவில்லை. நாளைக்கும் பார்ப்பியா என்று கேட்டார். பார்ப்பேன் என்றேன். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார், எழுபத்திரண்டு என்றேன், நடக்க ஆரம்பிச்சாச்சா என்று கேட்டார், ஆமாம் என்றேன். நான் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்கு பஸ் ஏறும்வரை தினமும் ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு போனார். அதற்கு மேல் அவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை, உங்களுக்கும் கொடுக்கப் போவதில்லை.